ஐபேடில் வரையும் காடு பிளாஸ்டிக் செடி மாதிரி இருக்கிறது

கேள்வி:
சிங்கப்பூர் ஈசூனிலிருந்து எழுதுகிறேன். மெக்ரிட்சி நீர்த்தேக்கப் பகுதியின் 250 மீட்டர் தொங்குபாலத்தை, சுற்றியுள்ள காட்டோடு புரோகிரியேட் என்ற வரையும் செயலியில் மூன்று வாரமாக வரைகிறேன். இலை பிரஷ்ஷால் தீட்டினால் எல்லா மரமும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி நிற்கிறது. எங்கே தப்பு?

பதில்:
தம்பி, இலையிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் மூன்றே லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் பட அடுக்கு): தூரம், நடு, கிட்டே. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். தூரத்து மரங்கள் வெளிறி, நீலச் சாம்பலாகத் தெரியும். அங்கே கரும்பச்சை வைத்தால் ஆழமே போய்விடும்.

போன ஞாயிறு காலை புக்கிட் தீமா காட்டில் ஒரு செராயா மரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பட்டையில் சாம்பல், பாசியில் மஞ்சள், உதிர்ந்த இலையில் செம்பழுப்பு. வெயில் ஊடுருவிய இலை மஞ்சள் கலந்த பச்சை. வானம் பட்டு மினுங்கும் இலை கிட்டத்தட்ட நீலம். அவ்வளவு அழகு! ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

பதில்:
அக்கா சொன்னது சரி. அப்புறம், பிரஷ் அமைப்பில் சிதறலையும் நிற மாற்றத்தையும் கொஞ்சம் கூட்டுங்கள். ஓரத்து இலைகளைக் கையாலேயே வரையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அக்கா. தூரத்து லேயரை வெளுத்துவிட்டேன். பாலம் இப்போதுதான் அந்தரத்தில் தொங்குகிறது!