புதுப்பிப்பு: அப்பா, அம்மா அடையாள அட்டைகளுக்கு நகல்

பெற்றோரின் ஆதார், பான், லைசென்ஸ் எல்லாவற்றுக்கும் மாற்று நகல் எப்படி வைப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் சொன்ன டிஜிலாக்கரிலேயே (ஆவணங்களை டிஜிட்டலாக வைத்துக்கொள்ளும் மத்திய அரசின் ஆப்) ஆரம்பித்தேன்.

அதில் நாமே ஸ்கேன் செய்து ஏற்றுவது வெறும் நகல்தான். வழங்கிய துறையிடமிருந்து நேராக வந்து விழுவதற்குத்தான் அசலுக்குச் சமமான மதிப்பு. அப்பாவின் லைசென்ஸ் அப்படி வந்துவிட்டது, இனி வண்டியை மறித்தால் போனிலேயே காட்டலாம். பான்தான் முரண்டு பிடிக்கிறது. ஆதாரில் வெறும் இனிஷியல், பானில் தாத்தா பெயர் முழுசாக. (நம் ஊர் இனிஷியல் தொல்லை!) பெயரைத் திருத்த விண்ணப்பித்திருக்கிறோம்.

ஆதாருக்கு, கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் பிடிஎஃப் இறக்கினேன். லாட்ஜ், வாடகை வீடு என்று கேட்கிற இடத்தில் அதையே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். திறக்கும்போது கேட்கும் பாஸ்வேர்டு, பெயரின் முதல் 4 ஆங்கிலப் பெரிய எழுத்தும் பிறந்த வருடமும். அம்மாவுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

அப்புறம், ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதை நிறுத்தியாச்சு. எல்லாவற்றுக்கும் ஒரு செட் கலர் பிரிண்ட் அக்கா வீட்டு பீரோவில் இருக்கிறது. பான் சரியானதும் எழுதுகிறேன்.