தீம் பார்க்கில் எடுத்த குடும்பப் படம்: எங்கள் அனுபவம்

வன்னியிலுள்ள விசுவமடுவிலிருந்து பதினொரு பேர், ஒரு வான், ஏப்ரல் லீவு. போனது கொழும்புக்கு அங்கால், அவிசாவளைப் பக்கம் இருக்கிற, தண்ணீர்ச் சறுக்கிகள் உள்ள ஒரு தீம் பார்க்குக்கு. படம் எடுப்பதற்கென்றே திட்டம் போட்டுப் போனோம். அதில் பாதி சரிவரவில்லை. இனிப் போகிற ஆட்களுக்கு உதவுமென்று எழுதுகிறேன்.

எல்லாத்துக்கும் காரணம் அம்மா. எங்கள் வீட்டு அல்பங்கள் போரில் 2009 இடப்பெயர்வோடு போய்விட்டன. எந்தப் பதுங்குகுழியில் விட்டோம் என்பதில் அம்மாவுக்கும் அக்காவுக்கும் இன்றைக்கும் சண்டை. மிஞ்சியது அப்பாவின் அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். பெருப்பிக்கக் கொடுத்த இடத்தில் அதற்குக் கோட்டும் ரையும் போட்டுத் தந்துவிட்டார்கள். சாரத்தோடு வயலுக்குப் போய் வந்த மனிசன் இப்போது சாமியறைக்குப் பக்கத்தில் வங்கி மனேஜர் மாதிரி இருக்கிறார். அதனால் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: பதினொரு பேரும் ஒரே படத்தில், முகம் தெரிய, தலை காய்ந்திருக்க.

எடுக்கவேண்டிய படங்களுக்கு அக்காவின் மகள் கொப்பியில் பட்டியல் போட்டாள். எல்லாருக்கும் கிளிநொச்சியில் ஒரே வான்நீல ரீசேர்ட் எடுத்தோம். முதல் பிழை அதுதான். தடாகத்தின் அடி நீலம், சறுக்கி நீலம், மேலே வானமும் நீலம். தூரத்திலிருந்து எடுத்த படங்களில் தலைகள் மட்டும் மிதக்கின்றன. மஞ்சளோ சிவப்போ எடுத்திருக்கலாம். போதாததுக்கு, பருத்தி உடுப்போடு தண்ணீருக்குள் விடமாட்டோம் என்று வாசலில் சொல்லிவிட்டார்கள். போகமுதல் ஒரு போன் அடித்துக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

இரவு ஒன்பதுக்கு வெளிக்கிட்டு, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் கடலை வாங்கினோம். அங்கே கடை வெளிச்சத்தில் தம்பி சும்மா ஒன்று தட்டினான். சின்னவன் கச்சானைக் கோதோடு வாயில் வைத்திருக்கிறான், மாமி அவன் வாய்க்குள் விரலை விடுகிறா. பட்டியலில் இல்லாத படம். பயணம் முழுக்க எடுத்ததில் எனக்குப் பிடித்தது அதுதான்.

வாசல் திறக்கிற நேரத்துக்கே உள்ளே நிற்பதாகத்தான் திட்டம். ஆட்கள் குறைவு, வெயில் சரிவாக விழும், தலையும் நனைந்திராது. ஆனால் குருநாகலுக்குக் கிட்ட ரயருக்குக் காற்றுப் போய், உள்ளே போகவே பத்தரை ஆகிவிட்டது. ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வருகிற காலம். பன்னிரண்டு மணிக்கு நிழல் காலடியில் கிடக்கும். அந்த வெயிலில் எடுத்தால் கண் இரண்டும் குழி, மூக்குக்குக் கீழே கறுப்பு மீசை. அம்மம்மாவுக்கும் மீசை! தொப்பி போட்டவர்களுக்கு முகமே இல்லை. பிறகு மரநிழலின் விளிம்புக்கு வந்து, வெளிச்சமான பக்கம் முகத்தைத் திருப்பி நின்றபோதுதான் ஆள் ஆளாகத் தெரிந்தோம்.

சறுக்கிப் படத்துக்கு நேரே முன்னால் நிற்காதீர்கள். தண்ணீர்தான் தெரியும். முடிகிற இடத்தில் கொஞ்சம் பக்கவாட்டாக நின்று, பொத்தானை அமத்திப் பிடித்துத் தொடர்ந்து பத்துப் பதினைந்து எடுத்தால் ஒன்று தேறும். போனைப் போடுகிற பிளாஸ்ரிக் உறைக்குள் தண்ணீர் போகாது, ஆனால் நனைந்த திரை விரலுக்குக் கேட்காது. சத்தம் கூட்டுகிற பக்கப் பொத்தானை அமத்தி எடுக்கவேண்டும். அக்காவின் போன் நடுவில் இடமில்லை என்று நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் முழுக்கக் காலை வணக்கப் பூக்கள்.

சரி, பெரிய படத்தைப் பின்னேரம் நாலு மணிக்கு எடுப்போம் என்று தள்ளிவைத்தோம். வன்னி வெயிலில் வளர்ந்த மூளை. தெற்கில் ஏப்ரல் பின்னேரம் என்றால் இடிமழை என்பது ஒருவருக்கும் ஞாபகமில்லை. மூன்று மணிக்கே இருட்டி, விசில் ஊதி எல்லாரையும் தண்ணீரிலிருந்து ஏற்றிவிட்டார்கள்.

கடைசியில் அம்மாவின் படம் வாகனத் தரிப்பிடத் தகரக் கொட்டிலுக்குக் கீழே எடுத்ததுதான். வான் ஓட்டிவந்த அண்ணை எடுத்தார். கொஞ்சம் சரிவு. அம்மம்மாவின் தோளில் துவாய், பின்னால் மழை. ஆனால் பதினொரு பேர், பதினொரு முகம், தலையும் ஓரளவு காய்ந்திருந்தது.

வந்த கிழமையே பெரிதாகப் போட ஸ்ரூடியோவுக்குப் போனோம். அப்பாவையும் பக்கத்தில் சேர்க்கலாம் என்றான் அங்கிருந்த பொடியன். அம்மா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தக் கோட்டைக் கழட்டிப்போட்டுச் சேர்" என்றா. அவன் சிரித்துவிட்டு, "கோட்டுக்குள்ள ஒண்டும் இல்லை அம்மா, முகம் மட்டும்தான் இருக்கு" என்றான்.

தம்பி நாளைக்கு வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு ஸ்ரூடியோவுக்குப் போகிறான். கழுத்துக்குக் கீழே அவன், மேலே அப்பா.