பாம்பன் பாலத்தில் கேரவன் வால் ஆட்டுகிறது: காற்றா, பாரமா?

உச்சிப்புளி_வாசி:

எல்லோருக்கும் வணக்கம். பொலேரோவுக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் சின்னக் கேரவன் ஒன்றைப் போன தை மாதம் பட்டறையில் கொடுத்துச் செய்து வாங்கினோம். ஒற்றை அச்சு, இரண்டே சக்கரம், உள்ளே ஒரு கட்டில், பின் மூலையில் கழிவறை. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் முடியாது. உத்தரகோசமங்கை, திருப்புல்லாணி, தேவிபட்டினம் என்று ஒவ்வொரு கோயிலாகப் போய்வர ஆசைப்படுகிறார், வழியில் கழிவறைதான் பெரும்பாடு. அதற்காகவே செய்தது.

போன ஞாயிற்றுக்கிழமை ராமேஸ்வரம் கிளம்பினோம். மண்டபம் தாண்டிப் பாலத்தில் ஏறும்போது வேகம் 60 இருக்கும். நல்ல ஆடிக் காற்று. நடுப்பாலத்தில் எதிரே ஒரு பேருந்து கடந்ததும் பின்னால் யாரோ தள்ளிவிட்டதுபோல ஒரு உலுக்கு, அப்புறம் கேரவன் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்து பொலேரோவின் பின்பக்கத்தையும் சேர்த்து ஆட்டியது. எதிர்ப்பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பினேன், பிரேக்கை மிதித்தேன், ஆட்டம் கூடித்தான் போனது. அம்மா முன் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு ராமநாதசுவாமியைக் கூப்பிட்டபடி இருந்தார். கைப்பிடிச் சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டி நேரானது, எப்படி என்று இன்னும் தெரியவில்லை.

புரியாத விஷயம், சாயங்காலம் திரும்பி வரும்போது அதே காற்று, அதே பாலம், ஒன்றுமே இல்லை. ஸ்பிரிங் பட்டா இன்னொன்று சேர்க்கவா, டயரை மாற்றவா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பாம்பன்_கரை:

தம்பி, இது சோழகக் காற்று, தெற்கே இருந்து வருவது. ராமேஸ்வரம் போகும்போது பாலத்தில் உங்கள் வலது விலாவில் நேராக அடிக்கும். பாலம் கிட்டத்தட்ட இரண்டேகால் கிலோமீட்டர், மறைப்புக்கு ஒரு மரம் கிடையாது. பேருந்து பக்கத்தில் வரும்போது அது காற்றை ஒரு நொடி மறைக்கும், கடந்ததும் மொத்தமாக வந்து அறையும். விடிகாலையில் காற்று எழும்புவதற்கு முன் கடந்துவிடுங்கள், 40க்கு மேல் போகவேண்டாம். படம் எடுப்பதற்காக நடுப்பாலத்தில் வண்டியை நிறுத்தி வைத்திருப்பார்கள், அதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மதுரை_பயணி:

வெளிநாட்டில் வெயிட் டிஸ்ட்ரிப்யூஷன் ஹிட்ச் என்று ஒன்று வருகிறது ப்ரோ, இரண்டு பக்கமும் ஸ்பிரிங் கம்பி இருக்கும். அதை மாட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.

சாயல்குடி_பட்டறை:

காற்று தூண்டிவிட்டிருக்கும், சரி. ஆனால் நன்றாகப் பாரம் ஏற்றிய கேரவன் ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு அடங்கிவிடும். ஆட்டம் ஆடஆடக் கூடுகிறது என்றால் எனக்கு வேறு சந்தேகம். எதையும் வாங்குவதற்கு முன் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது, எத்தனை லிட்டர்? ஸ்டெப்னி எங்கே? கொக்கியைக் கழற்றும்போது முன்பக்கத்தைத் தூக்க எத்தனை பேர் வேண்டும்?

உச்சிப்புளி_வாசி:

தொட்டி 100 லிட்டர், கழிவறைக்குப் பக்கத்தில், அச்சுக்குப் பின்னால் சுமார் ஒரு மீட்டர். எங்கள் பக்கம் போகிற இடமெல்லாம் உப்புத் தண்ணீர்தான் அண்ணே, அதனால் வீட்டில் வரும் காவிரித் தண்ணீரை நிரப்பிக்கொண்டுதான் கிளம்புவோம். ஸ்டெப்னி பின்சுவரில் வெளியே மாட்டியிருக்கிறது. முன்பக்கத்தை நான் ஒரே கையால் தூக்கிவிடுவேன். செய்து கொடுத்தவர் அதைத்தான் பெருமையாகச் சொன்னார், அவ்வளவு பேலன்ஸாக இருக்கிறதாம்.

சாயல்குடி_பட்டறை:

நோய் அங்கேதான் இருக்கிறது. ஒரு கையால் தூக்க முடிகிற முன்பக்கம் கேரவனுக்கு ஆபத்து. திரும்பி வரும்போது ஏன் ஆடவில்லை? நாள் முழுவதும் புழங்கித் தொட்டி காலியாகியிருக்கும். 100 லிட்டர் என்றால் 100 கிலோ, அத்தனையும் வாலில் இருந்து இறங்கிவிட்டது.

எங்கள் அப்பா பனங்கட்டை வண்டி ஓட்டியவர். பாரம் ஏற்றி முடித்ததும் நுகத்தடியைக் கையால் அழுத்திப் பார்ப்பார். பின்பாரம் என்றால் நுகம் மேலே எழும்பி மாட்டின் கழுத்துக் கயிற்றை இறுக்கும், மாடு மூச்சுவிட முடியாது. ரொம்ப முன்பாரம் என்றால் கழுத்தில் புண் வரும். கொஞ்சம் முன்பாரம், அதுதான் கணக்கு. உங்கள் பொலேரோதான் அந்த மாடு.

அமெரிக்காவில் கேரவனின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் விழவேண்டும் என்பார்கள். பிரிட்டனில் 5 முதல் 7 என்பது வழக்கம், அங்கே கேரவன்களின் அமைப்பு வேறு. நம் ஊர்ப் பட்டறையில் செய்ததற்கு நான் 8க்குக் கீழே விடமாட்டேன். ஆனால் டோ பாரில், அதாவது பொலேரோவின் பின்னால் கேரவனை மாட்டும் கம்பியில், இவ்வளவுதான் தாங்கும் என்று ஒரு எண் அடித்திருப்பார்கள், அதைத் தாண்டக் கூடாது. கேரவனோடு மொத்தம் எவ்வளவு இழுக்கலாம் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும், அதையும் பாருங்கள்.

அளப்பது சுலபம். மொத்த எடைக்கு எடைமேடை, எங்கள் பக்கம் உப்பு லாரி ஏறுகிற மேடையில்தான் நான் போடுவேன். கொக்கியில் விழும் முன் எடைக்கு அது சரிவராது, ஐந்து பத்து கிலோ முன்னே பின்னே காட்டும். வீட்டில் ஆள் எடை பார்க்கும் தராசு போதும். சிமெண்ட் தரையில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, தராசின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்திக் கொக்கியை அதில் உட்கார வையுங்கள். வண்டியில் மாட்டும்போது எந்த உயரமோ அதே உயரம் இருக்கவேண்டும். தண்ணீர், கேஸ், பாத்திரம் எல்லாம் பயணத்துக்கு ஏற்றுவதுபோல ஏற்றிவிட்டு அளக்கவேண்டும், காலி வண்டியை அளந்து பிரயோஜனம் இல்லை.

மதுரைத் தம்பி சொன்ன ஹிட்ச் நல்ல பொருள்தான், ஆனால் அது முன்பாரம் அதிகமாகி இழுக்கும் வண்டியின் பின்பக்கம் அமுங்குகிறவர்களுக்கு. பின் அச்சில் விழும் பாரத்தில் கொஞ்சத்தை முன் சக்கரத்துக்கு அனுப்பும். பின்பாரத்தை அது முன்பாரம் ஆக்காது.

உச்சிப்புளி_வாசி:

அளந்துவிட்டேன். ராமநாதபுரத்தில் எடைமேடையில் கேரவன் மட்டும் 840 கிலோ. தராசில் முன் எடை 20. இரண்டு தடவை பார்த்தேன், 20தான். மூன்று சதவீதம்கூட இல்லை! கொக்கியில் இருந்து அச்சு வரை இரண்டரை மீட்டர். முன்பக்கம் இரண்டு மணல் மூட்டை போட்டுக்கொண்டால் போதுமா?

சாயல்குடி_பட்டறை:

மூட்டை போட்டால் எண் சரியாக வரும், ஆட்டம் முழுசாகப் போகாது. காவடி தூக்கிப் பாருங்கள். இரண்டு முனையிலும் குடம் தொங்கினால் தோளில் சமமாகத்தான் இருக்கும், ஆனால் ஆள் திரும்பும்போது கழி நிற்காமல் சுற்றும். அதே இரண்டு குடத்தைத் தோளை ஒட்டி மாட்டினால் சொன்ன பேச்சுக் கேட்கும். கனமானதெல்லாம் அச்சுக்கு மேலே அல்லது ஒரு சாண் முன்னால், தரையை ஒட்டி வரவேண்டும். மேல் அலமாரியில் துணியும் தலையணையும் மட்டும்.

கணக்கு இதுதான்: நகர்த்தும் எடையை நகர்த்தும் தூரத்தால் பெருக்கி, கொக்கிக்கும் அச்சுக்கும் உள்ள தூரத்தால் வகுக்கவேண்டும். தொட்டியைக் கட்டிலுக்கு அடியில், அச்சுக்கு 20 சென்டிமீட்டர் முன்னால் கொண்டுவந்தால் மொத்தம் 1.2 மீட்டர் நகர்கிறது. 100ஐ 1.2ஆல் பெருக்கி 2.5ஆல் வகுத்தால் 48 கிலோ கூடும். ஸ்டெப்னி ஒரு 20 கிலோ, பின்சுவர் ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கும். அதையும் தரைக்கு அடியில் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் கட்டினால் இன்னொரு 14. மொத்தம் 82 ஆகிறது, பத்து சதவீதத்துக்குப் பக்கம். டோ பார் எண்ணைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

தொட்டிக்குள் தடுப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். பாதித் தண்ணீர் அலைமோதுவது நிறைந்த தொட்டியைவிடத் தொல்லை.

கீழக்கரை_காக்கா:

துபாயில் பதினோரு வருடம் படகு ட்ரெய்லர் இழுத்தவன். பாரத்தைச் சரி செய்தாலும் என்றாவது ஒருநாள் ஆடும், அன்றைக்கு என்ன செய்வது என்று யாரும் இங்கே சொல்லவில்லை. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுங்கள், அவ்வளவுதான். எதிர்ப்பக்கம் திருப்பினால் அடுத்த ஆட்டத்துக்கு நாமே தாளம் போட்டுக் கொடுக்கிறோம். வண்டியின் பிரேக்கை அமுக்கினால் பின்னால் இருக்கிற எடை வந்து முட்டி இன்னும் வளைக்கும். வேகத்தைக் கூட்டினால் நேராகும் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். கேரவனுக்குத் தனி பிரேக் இருந்து அதைக் கையால் போட முடிந்தால் அதை மட்டும் மெதுவாகப் போடலாம். கேரவன் டயரில் காற்றையும் பாருங்கள், பக்கச்சுவர் தொய்ந்தாலும் ஆட்டம் வரும்.

இன்னொன்று, உம்மாவைக் கேரவனுக்குள் படுக்க வைத்துக்கொண்டு ஒருபோதும் ஓட்டாதீர்கள். ஓடும்போது முன் சீட்டு, நின்ற பிறகுதான் கட்டில்.

உச்சிப்புளி_வாசி:

ஆமாம் காக்கா, அம்மா முன் சீட்டில்தான் வருகிறார்.

டோ பாரில் 100 என்று அடித்திருக்கிறது. தொட்டியையும் ஸ்டெப்னியையும் இங்கேயே ஒரு வெல்டரை வைத்து மாற்றிவிட்டேன், தொட்டிக்குள் இரண்டு தடுப்பும் வைத்தாயிற்று. தொட்டியை நிறைத்துத் தராசில் வைத்தால் 80 காட்டுகிறது. இப்போது இரண்டு கையாலும் தம் பிடித்துத்தான் முன்பக்கத்தைத் தூக்க முடிகிறது.

நேற்றுக் காலை முதலில் நான் மட்டும் தனியாக அரியமான் வரை ஓட்டிப் பார்த்தேன், அப்புறம் அம்மாவை ஏற்றிக்கொண்டு பாலம். வேகம் 45. சோழகம் அன்றைக்கு அடித்த மாதிரியேதான் அடித்தது. மீன் லாரி ஒன்று எதிரே கடந்தபோது ஒரே ஒரு உலுக்கு, அப்புறம் பின்னால் வருகிற மாதிரியே தெரியவில்லை. அம்மா இந்தத் தடவை கண்ணைத் திறந்து ரயில் பாலத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஒரு சந்தேகம் பாக்கி. ராத்திரி திரும்பும்போது எதிரே வந்தவர்கள் எல்லாம் லைட் அடித்துக் காட்டினார்கள். பொலேரோவின் பின்பக்கம் அமுங்கியதாலா?

சாயல்குடி_பட்டறை:

அதனால்தான். முன் எடை கூடியதும் பின்பட்டா அமுங்கி ஹெட்லைட் மேலே பார்க்கிறது. கேரவனை மாட்டுவதற்கு முன்னும் பின்னும் முன் சக்கர வளைவின் உயரத்தை டேப்பால் அளந்து போடுங்கள். ஒரு விரற்கடைக்குள் இருந்தால் லைட்டை மட்டும் கீழே இறக்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் தூக்கியிருந்தால் ஸ்டியரிங் லேசாகிவிடும். அப்போது பொலேரோவின் டிக்கியில் இருக்கிற சாமான்களைப் பின்சீட்டுக்கு முன்னால் மாற்றிவிட்டு மறுபடி அளந்து சொல்லுங்கள்.