பாட்டியின் டேலியா எந்த வகை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தோட்ட நண்பர்களுக்கு வணக்கம். குன்னூரில் எங்கள் பாட்டி பல ஆண்டுகளாகப் போற்றி வளர்த்த டேலியா இது. சென்ற மழையில் கிழங்குகள் அழுகிவிட்டன. ஒரே ஒரு குத்து மிஞ்சியிருக்கிறது. பாட்டி இப்போது இல்லை. பூவின் வகையையாவது சரியாக எழுதிவைக்க ஆசைப்படுகிறேன்.

நிறம் அடர்ந்த அரக்குச் சிவப்பு. பூ உள்ளங்கையை நிறைக்கும். இதழ்களின் விளிம்பு பின்பக்கமாகச் சுருண்டு, ஒவ்வொன்றும் மெல்லிய குழல்போல் கூர்ந்து நிற்கிறது. ஆகவே நிச்சயமாகப் பாம்பான் (pompon) என்ற சிறு பந்துப் பூ வகை இல்லை. அதன் இதழ் உள்நோக்கிச் சுருளும், பூவும் சுமார் 5 சென்டிமீட்டருக்குள் பந்தாக இருக்கும். நடுவில் மஞ்சள் வட்டு தெரியாததால் ஒற்றையடுக்கு வகையும் இல்லை, வட்டைச் சுற்றிக் குட்டி இதழ் வளையம் கொண்ட காலரெட் வகையும் இல்லை.

டேலியாவில் கேக்டஸ் வகையா, செமி கேக்டஸ் வகையா என்பதில்தான் திணறுகிறேன். இதழ் பாதி நீளத்துக்கு மேல் சுருண்டால் கேக்டஸ், அதற்குக் குறைந்தால் செமி கேக்டஸ் என்பார்கள். இதில் வெளியடுக்கு இதழ்கள் நன்றாகவே சுருண்டிருக்கின்றன, உள்ளடுக்கில் நுனி மட்டும்தான். எந்த அடுக்கைப் பார்த்து முடிவு செய்வது?

இன்னொன்று. கிழங்கின் கழுத்தில் ஒரே ஒரு கண்தான் துளிர்த்திருக்கிறது, அரிசி மணி அளவு, இளஞ்சிவப்பாக. கண் இல்லாத கிழங்கு முளைக்காது என்பதால் பிரிக்கத் துணிவில்லை. விதை போட்டால் இதே பூ வராது. இளந்தண்டை நறுக்கி மணலில் வேர்பிடிக்க வைத்தவர்கள் இருக்கிறீர்களா? தண்டு எத்தனை அங்குலம் வளர்ந்ததும் நறுக்கினீர்கள்? தயவுசெய்து சொல்லுங்கள், இருப்பது இந்த ஒன்றுதான்.