எச்4 நின்றுபோன நேரம் என்ன? அருங்காட்சியகக் கடிகாரம், எஞ்சின் பார்த்த அனுபவங்கள்

கண்ணாடிப்பேழை:
லண்டன்ல இருக்கிற கிரீனிச் வானாய்வகத்துக்குப் போய்ட்டு வந்து மூணு வருஷம் ஆச்சு, இன்னும் மனசை அரிக்குது. கடல்ல கப்பல் எங்க இருக்குன்னு கணக்கிட 18-ஆம் நூற்றாண்டுல ஜான் ஹாரிசன் செஞ்ச நாலு கடிகாரமும் (எச்1 முதல் எச்4 வரை) அங்க இருக்கு. முதல் மூணும் ஓடுது. எச்1-ல பித்தளைக் குண்டு வச்ச ரெண்டு தண்டு ஒண்ணையொண்ணு நெருங்கி விலகுறது, ஏதோ உயிருள்ளது மூச்சு விடுற மாதிரி. அதைத் தாண்டிப் போனா எச்4. வெறும் 13 செ.மீ. அகலம். 1761-ல ஜமைக்காவுக்குக் கப்பலேறி, 81 நாள் கழிச்சு 5 விநாடிதான் பின்தங்கியிருந்த கடிகாரம். அது மட்டும் நிக்குது. காதைக் கண்ணாடியில ஒட்டாத குறையா நின்னேன். சத்தமே இல்ல. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தா எழுதுங்க.

நீராவி:
எனக்கு லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் உள்ள ஜேம்ஸ் வாட்டின் 1788 நீராவி எஞ்சின். மேலும் கீழுமான அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்குக்கு (வளைந்த அச்சு) வேறொருவர் காப்புரிமை வைத்திருந்ததால், ஒரு பல்சக்கரத்தை இன்னொன்று சுற்றி வரும்படி செய்திருப்பார்களே, அதன் முன்னால்தான் நின்றேன். இரண்டு முஷ்டிகளையும் ஒன்றைச் சுற்றி ஒன்றாகச் சுழற்றிப் பார்த்தேன். வெளியே இருப்பது தன்னைத் தானே சுற்றாமல் ஒருமுறை வந்தால், நடுவில் இருப்பது இரண்டுமுறை சுற்றிவிடுகிறது! படத்தில் எத்தனையோ முறை பார்த்தும் புரியாதது அந்த நிமிடம் புரிந்தது.

மணிக்கூண்டு:
கண்ணாடிப்பேழை, எச்4-ஐ ஓட விடாம வச்சிருக்கிறது அநியாயம். நீராவி சொன்ன அதே இடத்துலதான் இங்கிலாந்தோட வெல்ஸ் ஊர்த் தேவாலயக் கடிகாரமும் இருக்கு. 14-ஆம் நூற்றாண்டு இரும்பு, இன்னைக்கும் ஓடுது. அந்த 'டக்' சத்தம் நெஞ்சுக்குள்ள கேட்டுச்சு. மெஷின்னா ஓடணும்.

நடுமுள்:
மணிக்கூண்டு அண்ணே, இதை ஏத்துக்க முடியாது. வெல்ஸ் கடிகாரத்தோட பழைய ஆட்டக்கோலை (வேகத்தைக் கட்டுப்படுத்த இப்படியும் அப்படியும் ஆடுற குறுக்குத்தண்டு) கழட்டிட்டுப் பிற்காலத்துல பெண்டுலம் மாட்டினாங்க. நீங்க கேட்ட 'டக்' 14-ஆம் நூற்றாண்டு சத்தமே இல்ல. ஓடிக்கிட்டே இருந்ததுக்குக் கொடுத்த விலை அது. எச்1-ல மரச்சக்கரமும் உருளைகளும் இருக்கு, எண்ணெயே வேண்டாம். எச்4-க்கு எண்ணெய் வேணும். ஓட்டினா தேயும், தேஞ்ச பாகத்தை மாத்தினா அது ஹாரிசன் கை வச்ச பாகமா இருக்காது.

என் கதை சின்னது. தாத்தாவோட சுவர்க்கடிகாரம் மெதுவா ஓடுதுன்னு கதவுக் கீலுக்குப் போடுற எண்ணெயை ஊத்தினேன். ரெண்டு வருஷத்துல நின்னுடுச்சு. பிரிச்சப்ப அச்சு முனையில நகம் தட்டுற அளவு பள்ளம். வீட்ல பழைய கடிகாரம் வச்சிருக்கிறவங்க தயவுசெஞ்சு கேளுங்க. எண்ணெயில ஒட்டுற தூசி பித்தளையில பதிஞ்சுக்கிட்டு எஃகையே அரம் மாதிரி ராவும். கடிகார எண்ணெய்தான் போடணும், அதுவும் ஊசிமுனை அளவு, அச்சுத் துளையில மட்டும். பல்சக்கரத்தோட பல்லுல போடவே கூடாது. பழைய அழுக்கைச் சுத்தம் செய்யாம மேலேயே புது எண்ணெய் விடாதீங்க. மணி அடிக்கிற கடிகாரத்துல முள்ளைப் பின்பக்கம் திருப்பாதீங்க. இடம் மாத்துறதுக்கு முன்னாடி பெண்டுலத்தைக் கழட்டிடுங்க. மாட்டினதும் கண்ணை மூடிக் கேளுங்க, ரெண்டு டிக்குக்கும் நடுவுல இடைவெளி சமமா இல்லேன்னா பெட்டி சாய்ஞ்சிருக்கு.

மின்பொறி:
கடிகாரம் இல்லை, மின்சாரம். பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் வான் டி கிராஃப் 1930-களில் அணு ஆராய்ச்சிக்குக் கட்டிய மின்னாக்கி. 15 அடி விட்டத்தில் இரண்டு உலோகக் கோளங்கள். விளக்கம் சொன்னவர் உலோகக் கூண்டுக்குள் நின்றார். மின்னல் கூண்டின் மேல் விழுந்தது. அவர் உள்பக்கக் கம்பியில் கை வைத்திருந்தார், முகம் கூடச் சுளிக்கவில்லை. மின்சாரம் கூண்டின் வெளிப்பரப்பு வழியாகவே போய்விடும் என்று படித்ததுதான், ஆனாலும் என் கை தானாகப் பின்னால் போனது.

கண்ணாடிப்பேழை:
நடுமுள், எண்ணெய் விஷயம் இப்பதான் தெரியும். நன்றி. அவ்வளவு நேரம் நின்னும் எச்4-ல முள் எத்தனை மணியில நிக்குதுன்னு பார்க்காம வந்துட்டேன். யாராவது அங்க போனா பார்த்துட்டு வந்து இங்க எழுதுங்க.