தொண்டு நிறுவன வேலைக்கு மாறலாமா? வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருவன்தான்

கேள்வி:
11 வருடமாகக் கணக்காளர் வேலை. இரண்டு வருடமாகச் சனிக்கிழமைகளில் ஒரு தொண்டு நிறுவனத்தில், பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுக்கிறேன். அங்கேயே கணக்கு வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். சம்பளம் இப்போது வாங்குவதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். இரண்டு பிள்ளைகள், அம்மாவின் மருந்து, வீட்டுக் கடன். மனைவி "போங்க, பார்த்துக்கலாம்" என்கிறார். அவர் அப்படிச் சொல்லும்போதுதான் பயம் கூடுகிறது. மாறியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில் 1:
ஒன்பது வருடம் முன்பு நானும் மாறினேன். முதலில், புதுச் சம்பளம் எவ்வளவோ அதற்குள் ஆறு மாதம் வீட்டை நடத்திப் பாருங்கள். மீதியைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டுத் தொடாதீர்கள். எங்களுக்கு மூன்றாவது மாதமே இடித்தது. மகனுக்குக் கண்ணாடி, பள்ளிக் கட்டணம், வண்டிக்கு டயர், மூன்றும் ஒரே வாரத்தில். மாதச் செலவுகளைப் பைசா விடாமல் எழுதியிருந்தோம், வருடத்துக்கு ஒரு முறை வருவதை விட்டுவிட்டோம். அதையும் பன்னிரண்டால் வகுத்துச் சேர்த்த பிறகுதான் உண்மையான தொகை தெரிந்தது. ஒரு வருடம் தள்ளிப்போட்டேன். அதற்குள் சின்னக் கடன் ஒன்றை அடைத்தோம்.

அப்புறம், உங்கள் சம்பளம் எந்தப் பணத்திலிருந்து வரும் என்று கேளுங்கள். நன்கொடை பல நேரம் ஒரு திட்டத்துக்கென்றே வரும், வேறு செலவுக்கு எடுக்க முடியாது. திட்டம் முடிந்தால் அதில் சம்பளம் வாங்கியவரின் வேலையும் போகலாம். எனக்கு ஒரு முறை போனது. மூன்று வருடத் தணிக்கை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஒரே நன்கொடையாளரை நம்பியிருக்கிறார்களா, எந்தத் திட்டத்துக்கும் கட்டுப்படாத பொது நிதியில் எத்தனை மாதத்துக்குக் கையிருப்பு இருக்கிறது என்பது உங்களுக்கு அரை மணி நேரத்தில் புரிந்துவிடும்.

பதில் 2:
இப்போதைய அலுவலகம் தரும் மருத்துவக் காப்பீட்டில் அம்மா பெயரும் இருக்கிறதா? இருந்தால் ராஜினாமா கடிதத்துக்கு முன்னால் அதற்கு வழி செய்யுங்கள். மாற முடியாமல் போனாலும் மனம் உடைய வேண்டாம். 2009இல் தொடங்கிய 'கிவிங் வாட் வி கேன்' அமைப்பில் சேர்பவர்கள், இருக்கும் வேலையில் இருந்தபடியே வருமானத்தில் 10 சதவீதத்தைத் தொண்டு அமைப்புகளுக்குக் கொடுப்பதாக உறுதி எடுக்கிறார்கள். அதுவும் நிஜமான உதவிதான்.

கேள்வி கேட்டவர்:
நேற்று இரவு இருவரும் உட்கார்ந்து வருடச் செலவை எழுதினோம். நான் முடித்துவிட்டேன் என்று பேனாவை வைத்தேன். மனைவி அதை எடுத்து, "அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை" என்று கடைசியில் ஒரு வரி எழுதினார். எனக்கு அது நினைவிலேயே இல்லை. ஆறு மாதச் சோதனையை இந்த மாதமே தொடங்குகிறோம். சனிக்கிழமை போகும்போது தணிக்கை அறிக்கையைக் கேட்கிறேன்.