முன் பம்பர் உட்கார மாட்டேன் என்கிறது, அவசர உதவி தேவை

ஈசூன்காரன்
வணக்கம். பழைய பம்பரைக் கழற்றிவிட்டு வேறு மாட்டுகிறேன். இடது பக்கம் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. டிரைவர் பக்கம் மட்டும் ஃபெண்டருக்கும் (சக்கரத்தின் மேல் இருக்கும் பேனல்) பம்பருக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. அழுத்தினால் உள்ளே போகிறது, கையை எடுத்தால் 'டக்' என்று வெளியே வந்துவிடுகிறது. நாளைக் காலை வேலைக்குக் கார் வேண்டும். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

மழைமேகம்
எந்தக் கார் என்று சொல்லவே இல்லையே?

தெக்கா_டீ
காரின் பெயர், வருடம், பம்பர் ஒரிஜினலா இல்லையா. ஒரு படமும் போடுங்கள். விரல் நுழைகிறது என்றால் எங்களுக்கு என்ன தெரியும், உங்கள் விரலைப் பார்த்ததில்லை.

பூன்லே_மாமா
எந்தக் காராக இருந்தாலும் ஒரே வைத்தியம்தான் தம்பி. டபுள் சைட் டேப், கார் சாமான் கடையில் கிடைக்கும் தடித்த ரகம். துடைத்து ஒட்டி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். அசையாது.

ஸ்பேனர்_செல்வம்
டேப் ஒட்டிய பம்பர் எக்ஸ்பிரஸ்வேயில் பறந்து பின்னால் வருகிற மோட்டார்சைக்கிள்காரர் மேல் விழுந்தால் மாமா வந்து பதில் சொல்வாரா? பம்பர் எதில் நிற்கிறது, எந்த வரிசையில் கழற்றினோம் என்று தெரியாதவர்கள் இந்த வேலையைத் தொடக் கூடாது. ஒர்க்ஷாப் எதற்கு இருக்கிறது? இதே கேள்விக்கு முன்பே எழுதியிருக்கிறேன், தேடிப் படிக்கலாம்.

மழைமேகம்
தேடினேன் அண்ணே. அங்கேயும் "முன்பே எழுதியிருக்கிறேன்" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

ஈசூன்காரன்
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். ஸ்மார்ட் ஃபார்ட்டூ, அந்த இரண்டு சீட் குட்டிக் கார். பம்பர் மலேசியாவில், ஜோகூரில் வாங்கினேன், பழையதுதான், ஆனால் நல்ல நிலை. எல்லா ஸ்குரூவும் இறுக்கியாகிவிட்டது.

தெக்கா_டீ
ஆகா, இது வேறு கதை. அந்தக் காரின் உடம்பே இரும்புக் கூடு, டிரிடியன் என்பார்கள். மேலே இருப்பதெல்லாம் கழற்றி மாட்டுகிற பிளாஸ்டிக் சட்டை. ஆனால் எந்தத் தலைமுறை? 1998இல் வந்த 450ஆ, 2007இல் வந்த 451ஆ? முதலாவது இரண்டரை மீட்டர், அடுத்தது கிட்டத்தட்ட 2.7 மீட்டர். ஒன்றின் பேனல் மற்றதில் ஏறாது. ஜோகூர் கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான் லா" என்றிருப்பாரே?

ஈசூன்காரன்
451. பம்பரும் 451தான், உள்பக்க எண்ணைச் சரிபார்த்தேன்.

கறுப்பு_ரப்பர்
அப்படியானால் அது வெளிநாட்டு லெஃப்ட் ஹேண்ட் டிரைவ் காரின் பம்பர். அதனால்தான் டிரைவர் பக்கம் மட்டும் உட்காரவில்லை.

மழைமேகம்
பம்பருக்கு ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும் பிரதர்?

தெக்கா_டீ
ஈசூன்காரன், எங்கே நிறுத்தி வேலை செய்கிறீர்கள்? வெயிலிலா?

ஈசூன்காரன்
பிளாக் பக்கத்துப் பலமாடி கார்பார்க், மேல் டெக். மத்தியானத்திலிருந்து.

ஸ்பேனர்_செல்வம்
சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கார்பார்க்கில் வண்டி ரிப்பேர் செய்ய அனுமதி இல்லை. முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கறுப்பு_ரப்பர்
பம்பர் மாட்டுவது ரிப்பேரா? அப்படியானால் வைப்பர் ரப்பர் மாற்றுவதும் ரிப்பேர்தான்.

ஸ்பேனர்_செல்வம்
வைப்பர் வேறு. நாலு ஸ்குரூவும் ஒரு பேனலும் தரையில் பரப்பிக் கிடந்தால் அது ஒர்க்ஷாப்.

பூன்லே_மாமா
என் காலத்தில் கார்பார்க்கில் இன்ஜினையே இறக்கியிருக்கிறோம்.

ஸ்பேனர்_செல்வம்
உங்கள் காலத்தில் சிஓஇயே, கார் வைத்திருக்க வாங்கும் அந்தச் சான்றிதழே, கிடையாது மாமா. இன்னொன்று, பேனல் வேறு நிறமென்றால் எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) பதிவிலும் நிறத்தை மாற்ற வேண்டும்.

கறுப்பு_ரப்பர்
ஒரு பம்பருக்கு முழுக் காரின் நிறமும் மாறிவிடுமா? பாதி டாக்சிக்குக் கதவு ஒரு சாயல், பானட் ஒரு சாயல்.

மழைமேகம்
ஐயா, அவருக்கு இன்னும் இடைவெளி அப்படியே இருக்கிறது.

தெக்கா_டீ
நான் சொல்கிறேன். மத்தியான வெயிலில் மாட்டியது ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு மீட்டர் பிளாஸ்டிக் 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளும், இரும்பு அரை மில்லிமீட்டர்கூட நீளாது. அதற்காகத்தான் இந்த மாதிரி பேனல்களில் சில ஸ்குரூ ஓட்டைகள் வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் இருக்கும், பேனல் நகர இடம் வேண்டுமே. நீங்கள் இடது பக்கத்தை முதலில் இறுக்கிவிட்டால் மிச்சமெல்லாம் வலது பக்கம் தள்ளப்படும். டக்கென்று வெளியே வருவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இப்படிச் செய்து பாருங்கள். வெயில் தாழட்டும். முன்மூடியின் இரண்டு தாழ்ப்பாளையும் தள்ளினால் மூடி கையோடு வந்து வாரில் தொங்கும், இழுக்காதீர்கள். ஸ்டியரிங்கை முழுக்க இடது பக்கம் திருப்பினால் வலது சக்கரத்தின் முன்னால் கை நுழைய இடம் கிடைக்கும். அந்த ஃபெண்டரைப் பிடித்திருக்கிற ஸ்குரூக்களைக் கழற்ற வேண்டாம், தளர்த்தினால் போதும். பம்பர் ஸ்குரூக்களையும் எல்லாம் தளர்த்துங்கள். பேனல் ஆட வேண்டும். இடைவெளி இரண்டு பக்கமும் சமமாக வருகிற வரை கையால் நகர்த்தி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். டிரில் மெஷின் வேண்டாம், பிளாஸ்டிக்கில் இருக்கிற ஸ்குரூ மரை ஒருமுறை வழுக்கினால் அவ்வளவுதான்.

இன்னொன்று, உங்கள் காருக்குப் பனிவிளக்கு இருந்தால் அதன் வயர் பிளக் பம்பருக்கும் உள் சட்டத்துக்கும் நடுவில் சிக்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கட்டைவிரல் அளவுதான் அந்தப் பிளக், ஆனால் உள்ளே இருந்து தள்ளிக்கொண்டே இருக்கும்.

ஸ்பேனர்_செல்வம்
ஓரளவு சரி. இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

கறுப்பு_ரப்பர்
எங்கே சொன்னீர்கள்?

பூன்லே_மாமா
எல்லாம் சரி, கடைசியில் டேப்பும் ஒட்டிக்கொள்ளுங்கள் தம்பி. வலிக்காது.

மழைமேகம்
என்ன ஆச்சு ஈசூன்காரன்? ஆள் சத்தத்தையே காணோம்.

ஸ்பேனர்_செல்வம்
காரியம் முடிந்தால் நன்றிகூடச் சொல்ல மாட்டார்கள். வழக்கம்தான். 451 என்றால் எல்லாம் பத்து வயது தாண்டியது. வருடா வருடம் சோதனை, அங்கே பிடிபடட்டும்.

ஈசூன்காரன்
சாப்பிடப் போயிருந்தேன். உட்கார்ந்துவிட்டது. ஃபெண்டரைத் தளர்த்தியதும் தானாக இறங்கியது, பிளக்கும் ஓரமாகச் சிக்கித்தான் இருந்தது. தெக்கா_டீக்கு நன்றி. ஒரு கறுப்பு கிளிப் மிச்சமாகக் கையில் இருக்கிறது, அது எங்கே போகும்?